முன்வரிசையில் ஓர் இடம்

கடலுக்கு அந்தப் பக்கம் ஏழாயிரம் ஏக்கர் நிலம் காலியாகக் கிடக்கிறது என்று எங்கள் ஊரில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னவன் நான்தான், ஆகையால் அந்த நிலத்தில் புற்றுகள் நடக்க ஆரம்பித்த கதையையும் நானே சொல்வதுதான் முறை.

என் பெயர் காத்தையன். கீழத் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பத்தெட்டு வருடம் உழைத்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை வெளியே அனுப்பிவிட்டது. மிச்சப் படிப்பைத் துண்டறிக்கைகளில் படித்தேன், பிறகு துண்டறிக்கைகளை நானே எழுதினேன். பதினோரு முறை சிறைக்குப் போயிருக்கிறேன். மேடைகளில் என்னைவிட நன்றாகப் பேசியவர்கள் இருந்தார்கள், ஆனால் மைக் பழுதாகிவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் என் குரல் மைக் இல்லாமலே மூன்று வயல் தாண்டிக் கேட்கும். அந்தக் குரலைத் தவிர நான் சேர்த்த சொத்து வேறெதுவும் இல்லை.

என் மகனுக்குப் புரட்சிமணி என்று பெயர் வைத்தேன். பாஸ்போர்ட் எடுக்கும்போது முன்பாதியை வெட்டிவிட்டு மணி என்று மட்டும் எழுதிக்கொண்டான். நாங்கள் அடிபட்டு, வழக்கு நடத்தி, வீட்டுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவாக வாங்கிக் கொடுத்த நிலத்தில் ஆற்றுத் தண்ணீர் வருவது நின்றுபோய், கடல் உப்பு கீழேயிருந்து ஏறி, நாற்றங்கால் வெள்ளையாகப் பூத்துக் கிடந்த வருடத்தில் அவன் என்னிடம் சொன்னான்: "நீங்க வாங்கிக் கொடுத்த நிலத்த வச்சு உப்பளம்தாம்பா போடலாம்." நான் ஒரு பிடி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது.

பிறகுதான் அவன் அந்தப் பத்திரத்தைக் கொண்டுவந்தான். ஆப்பிரிக்காவில், ஆறு ஓடுகிற ஒரு சமவெளியில், ஏழாயிரம் ஏக்கர், தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை. பதினோரு குடும்பம் சேர்ந்தால் பண்ணை தொடங்கலாம். தமிழில் பெயர்த்து எழுதியிருந்தான். "நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க வாசிங்கப்பா" என்றான். நான் என் பழைய கூம்பு ஒலிபெருக்கியைப் புளியமரத்தில் கட்டி வாசித்தேன். நான்காவது பத்தியில் ஒரு வரி இருந்தது: மேற்படி நிலத்தில் குடியிருப்போ சாகுபடியோ ஏதும் இல்லை. அதை இரண்டு முறை வாசித்தேன். வாழ்நாள் முழுக்க எந்த அரசாங்கக் காகிதத்தையும் நம்பாத நான், என் பிள்ளை கொடுத்த காகிதம் என்பதால் நம்பினேன். பதினோரு குடும்பம் என் குரலை நம்பிக் கிளம்பியது.

இரண்டு விமானம் மாறி, ஒன்றரை நாள் லாரியில் குலுங்கிப் போய் இறங்கியபோது நிலம் காலியாகத்தான் இருந்தது. சிவப்பு மண், இடுப்பளவு புல், புல்லுக்கு நடுவிலும் தூரத்தில் காட்டோரமாகவும் ஆள் உயரத்துக்குப் புற்றுகள். முதல் உழவில் கலப்பையில் கற்கள் மாட்டின, மூன்று மூன்றாக, ஒரு பக்கம் கரி படிந்த கற்கள். அவற்றை எடுத்து வரப்போரம் போட்டோம். நடுவில் குழி விழுந்து தேய்ந்த பலகைக்கல் ஒன்று கிடைத்தது. அதை வேம்பு துணி துவைக்க எடுத்துக்கொண்டாள். வேம்பு எங்கள் பதினோரு குடும்பத்தில் மூத்தவள், வாயும் பெரியது. மூன்று கல் ஒன்றாகக் கிடந்தால் அது அடுப்பு என்று எங்கள் வீட்டுக் கோழிக்கும் தெரியும். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். யாரும் சொல்லவில்லை.

வயலுக்குள் நின்ற புற்றுகளை மணி புல்டோசர் வைத்துத் தள்ளினான். மறுநாள் அவை அதே இடத்தில் இருந்தன. மறுபடி தள்ளினான், மறுபடி இருந்தன. மூன்றாவது முறைக்குப் பிறகு அவற்றைச் சுற்றியே நாற்று நட்டோம், நடவும் நன்றாகத்தான் வந்தது, ஏக்கருக்கு நாங்கள் எங்கள் ஆயுளில் கண்டிராத விளைச்சல். முதல் அறுவடை முடிந்த வாரத்தில் எல்லாப் புற்றுகளும், காட்டோரம் நின்றவையும் வயலுக்குள் நின்றவையும், ஒன்றுசேர்ந்து எங்கள் வீடுகள் இருக்கும் பக்கமாக ஒரு எட்டு நகர்ந்தன.

அதிலிருந்து தினமும் ஒரு எட்டு, மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயரும் நேரத்தில்தான் அது நடக்கும். விழித்திருந்து பார்க்க நான் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தும்மல் வரும், கண்ணை மூடித் திறப்பதற்குள் அவை ஒரு எட்டு வந்திருக்கும், பின்னால் தடம் எதுவும் இருக்காது, புல் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

புற்றைக் கண்டால் எங்கள் ஜனங்களுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வேம்பு முதல் வெள்ளிக்கிழமையே டின் பால்பவுடரைக் கரைத்துச் செம்பில் எடுத்துக்கொண்டு, இரண்டு முட்டையும் மஞ்சள்தூளுமாகப் போய்விட்டாள். "ஆத்தா நம்ம பின்னாடியே கப்பல் ஏறி வந்துட்டாடி. இங்க கூப்புடுறதுக்கு ஆள் இல்லாம தவிச்சுப் போயிருக்கா, அதான் வீட்டைத் தேடி நடந்து வர்றா" என்றாள். அதற்குப் பிறகு அது ஒரு அதிசயமாக இல்லை, வழக்கமாகிவிட்டது. பெண்கள் புற்றுகளுக்கு மஞ்சள் துணி கட்டினார்கள். டிராக்டர் ஓட்டுகிறவர்கள் திங்கட்கிழமைதோறும் அந்த வாரத்துக்குரிய ஏழு எட்டைத் தள்ளிக் கோடு போட்டுக்கொண்டு உழுதார்கள், வாய்க்கால் வெட்டுகிறவர்கள் புற்று வரப்போகும் வழியைக் கணக்குப் பண்ணி வளைத்து வெட்டினார்கள், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் குங்குமமும் சாம்பிராணியும் பார்சலில் அனுப்பினார்கள், குழந்தை இல்லாத ஒருத்தி ஒரு சிறு புற்றுக்கு வளையல் போட்டுவிட்டு அந்த மாதமே முழுகாமல் இருந்தாள். புற்று எந்த வீட்டு வாசலுக்கு முதலில் வரும் என்று இரண்டு குடும்பத்துக்குள் சண்டை வந்து பேச்சுவார்த்தை நின்றது. வந்தது என் மகன் வீட்டை நோக்கித்தான்.

"உங்க மாமாவப் பாருடி, சாமி இல்ல சாமி இல்லன்னு வாழ்நாள் பூரா கத்துனாரு. அவரு வீட்டுக்கே வருது" என்று வேம்பு என் மருமகளிடம் சிரித்தாள்.

என் மருமகள் தையல்நாயகி சிரிக்கவில்லை. அவள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "மாமா, சாமின்னா வரட்டும். ஆனா ஏன் மாமா அதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு?"

எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் எனக்குக் காரணம் தெரிய ஒரு வருடம் ஆனது. ஒரு மதியம் களத்து மேட்டில் ஏறி நின்று கீழே பார்த்தேன். முன்வரிசையில் நின்றவை உயரம் குறைந்தவை, ஒடுங்கியவை. ஒன்றின் பக்கவாட்டில் இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சின்னப் புற்று ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் உச்சியில் குடம் வைத்தது போல ஒரு உருண்டை. இரண்டு ஓரத்திலும் கூன் விழுந்தவை. பின்னால் மூன்று வரிசையாக உயரமானவை, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வரிசையை நான் அறிவேன். அதை ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்து வந்தவன் நான். முன்னால் பெண்கள், ஏனென்றால் போலீஸ்காரன் ஒரு நிமிடமாவது தயங்குவான், ஓரத்தில் கிழவர்கள், பின்னால் ஆண்கள். முன்வரிசைக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருப்போம். மனு வாசிக்கிறவன் அங்கே வந்து நிற்பான்.

இந்த வரிசையிலும் நடுவில் அந்த இடம் இருந்தது.

எங்கள் ஊரில் பெரிய பண்ணை வீட்டை நாற்பத்தொரு நாள் அப்படி முற்றுகை இட்டிருக்கிறோம். அந்த நாற்பத்தொரு நாளும் நடு இடத்தில் நின்றவன் நான். நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, வெளியே வந்து எங்களிடம் பேசுங்கள் என்பதுதான். அந்த மிராசுதார் கடைசிவரை வெளியே வரவில்லை. மாடி ஜன்னலில் திரை மட்டும் சில நாள் அசையும். எங்களை எப்படிப் பார்த்து ரசிக்கிறான் பார் என்று அதைக் காட்டித் துண்டறிக்கை எழுதினேன்.

புல்டோசர் ஓட்டுகிற யோனாவிடம் போனேன். அவன் அந்தப் பக்கத்து ஆள், நாற்பது வயது, எங்களோடு இருந்து தமிழ் கற்றுக்கொண்டவன். மணியை அவர்கள் பாஷையில் எசமான் என்று கூப்பிடுவான். என்னை அப்படிக் கூப்பிட வந்தபோது நான் கோபப்பட்டுத் தோழர் என்று சொல்லப் பழக்கியிருந்தேன்.

"யோனா, இங்க முன்னாடி எத்தனை வீடு இருந்துச்சு?"

அவன் வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னான். "நூத்து நாப்பத்து மூணு."

"அவங்க எங்க போனாங்க?"

"எங்கயும் போகல, தோழர். லாரி வந்துச்சு, ஏறுன்னாங்க. ஏற மாட்டோம்னு உக்காந்துட்டாங்க. நாலு நாள் உக்காந்தாங்க. அஞ்சாவது நாள் வந்து பாத்தா மண்ணு." எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு விரலை நீட்டினான். "முன்னாடி மூணாவது. இடுப்புல புள்ள இருக்கே. அது எங்க அக்கா."

"இத்தனை நாள் ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கல" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், "நீங்க ஊத்துற பால் அவங்களுக்குப் புடிக்காது. நாங்க பசும்பால் புளிக்க வச்சுத்தான் குடிப்போம்" என்றான்.

மணியிடம் சொன்னேன். அவன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கரையான்ப்பா. மண்ணோட ஈரம் மாறுனா எடம் மாறுது. ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதியிருக்கேன்" என்றான். "வெளிய போய் அவங்ககிட்ட பேசு" என்றேன். "புத்துகிட்டயா? நீங்க ஜனங்க மாதிரி கும்புட்டாலாவது பரவாயில்லப்பா" என்றான்.

நாளுக்கு ஒரு எட்டு. முந்நூறு, இருநூறு, ஐம்பது என்று தினமும் மதியத் தூக்கம் கலைந்ததும் முதல் வேலையாக வாசலிலிருந்து எட்டு வைத்து அளப்பேன். இருபது எட்டு ஆனது. தையல்நாயகி பின்கட்டு வழியாகத்தான் தண்ணீர் எடுக்கப் போனாள். பதின்மூன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. அதற்கு மறுநாளும் பன்னிரண்டு. அதற்கு மறுநாளும்.

எல்லோரும் ஆத்தா நிலைகொண்டுவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள். நான் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தேன். வீட்டு வாசலுக்குப் பன்னிரண்டு எட்டு தள்ளித்தான் நிற்க வேண்டும், அதற்குள் ஒரு எட்டு வைத்தாலும் அத்துமீறல் என்று வழக்குப் போட்டு எல்லோரையும் உள்ளே தள்ளுவார்கள் என்று எங்கள் ஆட்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவன் நான். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு முற்றுகையிலும் அந்தப் பன்னிரண்டாவது எட்டைத் தாண்ட நான் யாரையும் விட்டதில்லை. இவர்களுக்கு அதை யார் சொன்னது? யாரும் சொல்லியிருக்க வேண்டாம். இவர்களும் உட்கார்ந்து பழகியவர்கள்தான். உள்ளே இருப்பவனுக்குக் கடைசியாக ஒரு தவணை கொடுத்துக் காத்திருந்தார்கள், மனு வாசிக்க ஒரு ஆள் மட்டும் அவர்களிடம் இல்லை, ஏனென்றால் என் மகனுக்குத் தெரிந்த பாஷை அவர்களுக்குத் தெரியாது.

நிலைகொண்ட ஆத்தாளுக்கு ஆடிக் கூழ் ஊற்றினார்கள். ஊரிலிருந்து நான் சுமந்து வந்த கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தார்கள். வேம்பு கும்மிப்பாட்டு முடித்து மூச்சு வாங்கிய நேரத்தில் நான் மைக்கைப் பிடுங்கிக்கொண்டேன். குரல் வந்தது, பழைய குரல், மூன்று வயல் தாண்டுகிற குரல்.

"இந்த நிலம் காலி இல்லை! நான் வாசிச்சது பொய்! நூத்து நாப்பத்து மூணு வீடு இங்க இருந்துச்சு! அவங்க அடுப்புக்கல்லத்தான் வரப்புல போட்டோம்! அவங்க அரைச்ச கல்லுலதான் துணி தொவைக்கிறோம்! இது சாமி இல்ல, ஜனங்க! வாசல்ல வந்து நிக்கிறாங்க, வெளிய வந்து பேசுங்கடா!"

வேம்பு நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பத்துப் பெண்கள் சேர்ந்து குலவையிட்டார்கள்.

"வந்துட்டா! ஆத்தா வந்துட்டா! சாமி இல்லன்னவரு நாக்குலயே வந்து உக்காந்துட்டா பாரு!"

யாரோ என் தலையில் மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்த்தார்கள். யாரோ வேப்பிலையை வாயில் திணித்தார்கள். "என்ன குறைன்னு சொல்லு தாயே, என்ன வேணும்னு கேளு தாயே" என்று நாற்பது பேர் என் காலில் விழுந்தார்கள், நான் காலை உதற உதற அருள் ஏறுகிறது என்று பம்பையை வேகமாக அடித்தார்கள். துவைகல்லுக்கு மட்டும் அன்று சாயங்காலம் வேம்பு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள்.

மணிக்கு அவமானம் தாங்கவில்லை. மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே யோனாவைக் கூப்பிட்டு, வாசலில் நிற்பதையெல்லாம் ஒன்று விடாமல் தள்ளி ஆற்றில் கொட்டச் சொன்னான். யோனா வண்டிச் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றான். மணி தானே ஏறினான்.

எனக்கு வீரம் எதுவும் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். லத்திக்கு முன்னால் நின்றபோது இருந்த பயம் வேறு. அப்போது அடுத்தது என்ன என்று தெரியும். இப்போது எதுவும் தெரியவில்லை. இயந்திரம் உறுமிக்கொண்டு வருவது தெரிந்தது, நான்கு நாள் உட்கார்ந்திருந்து மண்ணானவர்கள் இரண்டாவது முறை எதற்கும் காத்திருக்க மாட்டார்கள் என்பது தெரிந்தது, என் பிள்ளை அந்த இரும்பின் மேல் தனியாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நான் ஓடிப்போய் முன்வரிசையில் நடுவில் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தேன். என் தோள் அகலத்துக்கு அளவெடுத்தது போல இருந்தது அந்த இடம்.

இரும்புத் தகடு என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மணி குதித்து இறங்கினான்.

"எழுந்திரிங்கப்பா."

"பேசுடா. என்கிட்ட பேசு, நான் அவங்களுக்குச் சொல்றேன்."

"என்ன பேசச் சொல்றீங்க? பதினோரு குடும்பம் எல்லாத்தையும் வித்துட்டு வந்துருக்கு. திரும்பிப் போனா அங்க என்ன இருக்கு, உப்புதானே இருக்கு? யாருகிட்ட மன்னிப்புக் கேட்டு யாருக்குச் சோறு போடுறது?"

"அதையே சொல்லு. இவங்ககிட்ட அதையே சொல்லு. அதுக்குத்தான் வந்து நிக்கிறாங்க."

அவன் என்னைத் தாண்டி அவர்களைப் பார்த்தான். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான் என்று நினைக்கிறேன். இடுப்பில் குழந்தையோடு நின்ற மூன்றாவது புற்றில் அவன் கண் நின்றது. பிறகு திரும்பி வேகமாக நடந்தான், கடைசி மூன்று எட்டை ஓடினான், கதவு சாத்துகிற சத்தமும் தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டன. அவன் பின்னால் எழுந்து போகலாம் என்று காலை ஊன்றினேன். கால் வரவில்லை. கணுக்கால் வரை ஈரமண் ஏறியிருந்தது, கரையான்கள் அவசரமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன.

இரண்டாம் நாள் முட்டிக்கு வந்தது. யோனா மண்வெட்டியோடு வந்து நின்றான். சுற்றிலும் பார்த்தான், அவன் அக்காவைப் பார்த்தான், மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் புளித்த பாலை ஒரு சுரைக்குடுக்கையில் கொண்டுவந்து கொடுத்தான். நான்காம் நாள் இடுப்புக்கு வந்தது. தையல்நாயகி தினமும் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள், அழுதுகொண்டே திட்டினாள்: "கட்டிட்டு வந்த நாள்லேருந்து பாக்குறேன், ஒரு நாளாவது வீட்டுக்காரங்க பக்கம் உக்காந்துருக்கீங்களா மாமா?" நான் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் வீட்டை நோக்கிச் சத்தம் போட்டேன். "மணி, வெளிய வா. பேசு." ஆறாம் நாள் நெஞ்சுக்கு ஏறியது, குரல் பாதியாகிவிட்டது. மண்ணுக்குள் ஒரு இரைச்சல் கேட்டது. முதலில் கரையான் என்று நினைத்தேன், பிறகு அது இரண்டு பக்கமும் நிற்பவர்கள் மூச்சு விடுவது என்று தெரிந்தது. அந்த மூச்சுக்கு என் மூச்சு ஒத்துப்போக ஆரம்பித்தபோது நான் என் ஆயுளில் பயப்படாத அளவுக்குப் பயந்தேன்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. தையல்நாயகி வந்தாள். கையில் சோறு இல்லை. செம்பில் பால், தட்டில் இரண்டு முட்டை, மஞ்சள் துணி. பின்னால் வேம்பும் மற்ற பெண்களும் ஈரத்தலையோடு நின்றார்கள்.

"தையலு" என்றேன். "நான்மா. உன் மாமா."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "தெரியும் மாமா" என்றாள். "பேசாதீங்க மாமா. பேசுனா பயமா இருக்கு. பேசாம இருந்தீங்கன்னா கும்புட்டுக்குவோம்."

"இந்த நிலம் காலி" என்று ஆரம்பித்தேன். இல்லை என்று முடிப்பதற்குள் பால் தலையிலிருந்து வழிந்து வாய்க்குள் போனது. குலவை எழுந்தது. மஞ்சள் துணியை என் கழுத்து இருந்த இடத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள், என் கண்ணைப் பார்க்காமல் முட்டையை உடைத்து வைத்தாள், மூன்று முறை சுற்றி வந்தாள், போய்விட்டாள்.

மதியம் ஆனது. சாப்பாட்டு வாசனை வந்து அடங்கியது, வீடுகள் ஒவ்வொன்றாக அமைதியாயின, களத்தில் வண்டிகள் நின்றன. என் மகன் வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. விரல் நுனியால் பிடித்து, ஒரு கண்ணுக்கு மட்டும் வழிவிட்டு, நடுங்கி நடுங்கி அசைந்தது. எங்கள் ஊர் மாடி ஜன்னலில் அன்று அசைந்தது இதே அசைவுதான். ரசிக்கிறான் என்று துண்டறிக்கையில் எழுதினேனே, தப்பாக எழுதிவிட்டேன்.

மணி, இப்போதாவது வா, இன்னும் பன்னிரண்டுதான் என்று கத்த நினைத்தேன். வாயில் மண் இருந்தது. இரண்டு பக்கமும் மூச்சு ஒரே நேரத்தில் நின்றது. ஜன்னலில் திரை மெல்லத் தளர்ந்து விழுந்தது, அவனுக்கும் கண் அயர்ந்திருக்க வேண்டும்.

நாங்கள் ஒரு எட்டு எடுத்து வைத்தோம்.